மெகாஹெர்ட்ஸ் சொன்னதும் சொல்லாததும்

இரண்டு பிராசசர்களில் எது வேகமானது என்ற கேள்விக்கு 1980களில் ஒரே எண் போதுமான விடையாக இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 சிப் நொடிக்கு 47.7 லட்சம் துடிப்புகளில், அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சிப்புக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. அதனால் 1982இல் ஏஎம்டியும் இன்டெல் வடிவமைப்பிலேயே சிப் தயாரிக்க உரிமை பெற்றது. உள்ளமைப்பு ஒன்றே என்பதால், 12 மெகாஹெர்ட்ஸ் சிப்பைவிட 16 மெகாஹெர்ட்ஸ் சிப் வேகமானது என்பதில் தகராறு இல்லை. 1991இல் ஏஎம்டி தன் 386 சிப்பை 40 மெகாஹெர்ட்ஸில் வெளியிட்டபோது, இன்டெல்லின் 386 சிப் 33இல் நின்றிருந்தது. ஒப்பீடும் அத்தோடு முடிந்தது.

சென்னையில் இந்த எண்ணை வைத்து வியாபாரம் நடந்த இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பிராசசர், மதர்போர்டு, ராம், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டும் ‘அசெம்பிள்டு’ கணினி, கம்பெனிக் கணினியைவிட மலிவு. தாம்பரம், படப்பை போன்ற புறநகர்களின் டிடிபி கடைகளுக்கும் கணினி மையங்களுக்கும் அதுவே கட்டுப்படியான வழி. கொட்டேஷன் தாளின் முதல் வரியில் பிராசசரின் பெயரும் மெகாஹெர்ட்ஸும் இருக்கும். வாங்குபவர் பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்தே முடிவெடுப்பார்.

இன்டெல்லின் வடிவமைப்பை விட்டுப் போட்டியாளர்கள் சொந்த வடிவமைப்புக்கு மாறியதும் அந்த வரி தடுமாறத் தொடங்கியது. காரணத்தைப் படப்பைக்கு அடுத்த ஒரகடத்திலேயே பார்க்கலாம். 2013 முதல் அங்கே ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. பெரிய எஞ்சின் குறைந்த சுற்றிலேயே வண்டியை இழுத்துவிடும். சிறிய எஞ்சின் அதே இழுவைக்கு வேகமாகச் சுற்ற வேண்டும். பிராசசரிலும் மெகாஹெர்ட்ஸ் என்பது சுற்று மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் வேகம் தெரியும்.

சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 சிப் 150 மெகாஹெர்ட்ஸில் ஓடியும், இன்டெல்லின் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு நிகர் என்று ‘பிஆர்200+’ என்ற மதிப்பெண்ணோடு விற்கப்பட்டது. அலுவலக வேலைகளில் அது ஓரளவு உண்மை. தசமக் கணக்குகளை நம்பிய ‘குவேக்’ விளையாட்டு 1996இல் வந்ததும் அந்த நிகர் பொய்த்தது. எந்த வேலையில் நிகர் என்று கேட்க வேண்டும் என்பதைச் சந்தை அப்போது கற்றது.

பெரிய மோதல் 2000இல் தொடங்கியது. மார்ச் 6 அன்று ஏஎம்டியின் அத்லான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல்லின் பென்டியம் 3 பதில் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4, ஒரு கட்டளையை 20 படிகளாகப் பிரித்தது. படி சிறிதானால் சுற்று கூடும். ஆனால் நிரலின் கிளையைத் தவறாக ஊகித்தால் பாதியில் நிற்கும் வேலை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சில வேலைகளில் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3இடமே தோற்றது. 2001 அக்டோபரில் ஏஎம்டி, 1.53 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு, சைரிக்ஸைப் போலவே மதிப்பெண் சேர்த்து, ‘அத்லான் எக்ஸ்பி 1800+’ என்று பெயரிட்டது. வீடியோவைச் சுருக்குவதில் பென்டியம் 4 கெட்டி. தசமக் கணக்கிலும் பல விளையாட்டுகளிலும் அத்லான் முந்தியது. சற்றுப் பின் வந்த, இன்டெல்லின் மலிவு வகையான செலரான்களில் தற்காலிக நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. பென்டியம் 4இல் 512. தாளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பார்த்து செலரான் வாங்கியவருக்கு அந்த எண் காட்டிய வேகம் கிடைக்கவில்லை.

எண்ணின் ஓட்டத்தை வெப்பம் நிறுத்தியது. 2004இல் பென்டியம் 4 படிகளை 31 ஆக்கி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது; 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுயோ 14 படிகளோடும் இரண்டு கோர்களோடும் (கட்டளைகளை இயக்கும் அலகுகள்) 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே பழைய சிப்பை மிஞ்சியது. வெப்ப அளவும் பழைய சிப்பின் 115 வாட்டிலிருந்து 65 வாட்டாக இறங்கியது. மின்வெட்டில் யுபிஎஸ்ஸை நம்பிய தமிழகக் கடைகளுக்கு அந்த வித்தியாசமும் ஒரு கணக்கே.

அதன்பின் கோர்களின் எண்ணிக்கை ஒப்பீட்டில் சேர்ந்தது. 2017இல் ஏஎம்டியின் எட்டுக் கோர் ரைசன் 7 1800எக்ஸ், ‘சினிபெஞ்ச்’ படவரைவுச் சோதனையில் நான்கு கோர் இன்டெல் 7700கே சிப்பை எளிதாக முந்தியது. பல விளையாட்டுகளில் அதனிடமே பின்தங்கியது. கல்யாண வீடியோ தொகுப்பவருக்குக் கோர்கள் பயன்படும்; பில் போடும் கடைக்கு ஒற்றைக் கோரின் வேகமே போதும்.

சோதனை நிரல்களின் மரபு பழையது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ‘ட்ரைஸ்டோன்’ நிரல், வாக்ஸ் 11/780 கணினியில் நொடிக்கு 1,757 முறை ஓடியது. அதை ஓர் அலகாகக் கொண்டே மற்ற பிராசசர்கள் மதிப்பிடப்பட்டன. 2018இல் சிப்பாக வடிவம் பெற்ற சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசசருக்கும் இந்த மதிப்பு வெளியிடப்பட்டது, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு எவ்வளவு என்ற கணக்கில். முன்பு விடையாக நின்ற மெகாஹெர்ட்ஸ், இந்தக் கணக்கில் வகுக்கும் எண்ணாக நிற்கிறது.