விஷ ஊரில் ஒரு குண்டு மனிதர்

துப்பறியும் நிபுணர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருகிறார்? வாயில் பைப், கையில் பூதக்கண்ணாடி... ஷெர்லாக் ஹோம்ஸ்தானே? அவரைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு இந்த ஆளைப் பாருங்கள். குள்ளம், தொப்பை, வயது நாற்பதை ஒட்டி. பெயர்கூடக் கிடையாது. ஒரு துப்பறியும் கம்பெனியில் மாதச் சம்பளக்காரர். 1929-ல் அமெரிக்காவில் வெளியான 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலின் ஹீரோ இவர்தான்! எழுதியவர் டாஷியல் ஹாமெட்.

கதை நடப்பது பெர்சன்வில் என்ற சுரங்க ஊரில். மக்கள் வாயில் அது 'பாய்சன்வில்', அதாவது விஷ ஊர். பேங்க், சுரங்கம், பேப்பர் எல்லாமே எலிஹூ வில்சன் என்ற கிழவருக்குச் சொந்தம். 1921-ல் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் செய்ய, அதை உடைக்க அடியாட்களை இறக்குகிறார் கிழவர். ஸ்ட்ரைக் உடைந்தது. வந்தவர்கள் கிளம்பினால்தானே? ஊரையே பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கிழவரின் மகன்தான் நம் குண்டு மனிதரை வரவழைக்கிறான். ஆனால், சந்திப்பதற்குள் அவன் கொலை! கிழவர் பத்தாயிரம் டாலர் கொடுத்து, 'ஊரைச் சுத்தம் பண்ணு' என்கிறார். பிறகு பயந்து, 'போதும், கிளம்பு' என்கிறார். இதற்குள் போலீஸ் தலைவரே இவரைத் தீர்த்துக்கட்டப் பார்த்திருக்கிறார். அங்கேதான் விஷயம் மாறுகிறது. அதுவரை அது உத்தியோகம். இனிமேல் பழி!

எப்படிப் பழிவாங்குகிறார் தெரியுமா? இந்தக் கோஷ்டியிடம் அந்தக் கோஷ்டியைப் பற்றி ஒரு வார்த்தை, அந்தக் கோஷ்டியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவுதான், பிணங்கள் விழுகின்றன. எண்ணிக்கை பதினாறை எட்டியபோது, கொலை தனக்கே ருசிக்க ஆரம்பித்துவிட்டதோ என்று தோழி ஒருத்தியிடம் புலம்புகிறார் மனிதர். மறுநாள் காலை மயக்கம் தெளிந்து எழுந்தால், அவள் நெஞ்சில் ஐஸ் உடைக்கிற குத்தூசி. அதன் பிடியில் இவர் கை!

ஹாமெட்டுக்கு இந்த ஊர் எங்கே கிடைத்தது? அவரே 1915 முதல் (நடுவில் ராணுவம், காசநோய் என்று இடைவெளிகளோடு) 1922 வரை பிங்கர்டன் என்ற துப்பறியும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெரிய கண் ஒன்றுதான் அந்தக் கம்பெனியின் சின்னம். அந்தக் கண் திருடர்களை மட்டும் பார்க்கவில்லை, சங்கம் வைக்கிற தொழிலாளர்களையும் பார்த்தது. முதலாளிகள் அதற்கென்றே பணம் கட்டினார்கள். 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலை ஸ்ட்ரைக்கின்போது சுமார் 300 பிங்கர்டன் ஆட்கள் படகில் வந்து இறங்கப்பார்க்க, ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது.

பெர்சன்வில்லுக்கு மூலமாகப் பலரும் கை காட்டுவது மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரத்தை. தாமிரச் சுரங்க ஊர். அனகோண்டா கம்பெனி வைத்ததுதான் அங்கே சட்டம். அந்த மாநிலத்தின் முக்கியமான தினசரிகள்கூட 1959 வரை அதன் கையில்தான்! 1917 ஜூனில் அங்கே ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்து 160-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்ட்ரைக் வெடித்தது. தொழிலாளர்களைத் திரட்ட ஃபிராங்க் லிட்டில் என்ற சங்கத் தலைவர் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 1 விடியற்காலை, முகமூடி ஆசாமிகள் அவரை விடுதியிலிருந்து இழுத்துப்போய் ரயில்வே பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். கொலையாளிகள் யாரும் பிடிபடவில்லை.

லிட்டிலைக் கொல்லத் தனக்கு 5,000 டாலர் பேரம் பேசப்பட்டதாக ஹாமெட் சொன்னார் என்று, அவருடைய நீண்டகாலத் துணைவி லில்லியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். நம்பலாமா? ஆதாரம் எதுவும் கிடையாது. ஹெல்மனின் நினைவுக் குறிப்புகளுக்கும் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கதை பொய்யாகவே இருக்கட்டும். முதலாளிக்காக ஸ்ட்ரைக்கை உடைக்கப் போன கம்பெனியின் சம்பளத்தை ஹாமெட் வாங்கியது பொய்யில்லையே! நாவலில் அவர் பழிவாங்கியது கோஷ்டித் தலைவர்களையா, தன் பழைய வேலையையா?

இத்தனை ரத்தத்துக்குப் பிறகு ஊர் யார் கைக்குப் போகிறது என்கிறீர்கள்? ராணுவம் வந்து அமைதி திரும்பியதும், மறுபடி அதே கிழவர் கைக்குத்தான்! நம் குண்டு மனிதர், தான் விதிகளை மீறியது தெரியாதபடி ரிப்போர்ட் எழுதப் படாதபாடு படுகிறார். கம்பெனிப் பெரியவர் ஏமாறவில்லை. கூப்பிட்டு வைத்து வறுத்து எடுத்துவிட்டார்.