சிறு வணிகருக்குக் கடனட்டை: புள்ளியைப் பார்ப்பதா, வட்டியைப் பார்ப்பதா?

ஜோர்ஜ்டவுன் – பினாங்கு வீதியில் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கடை வைக்க முதல் இல்லாதவர்கள் அங்கு சென்று, வட்டி பேசி, எழுதிக் கொடுத்துப் பணம் பெற்றார்கள். இன்று அதே லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மளிகைக் கடைக்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும் வங்கிகள் கடனட்டையை நீட்டுகின்றன. புள்ளி, பணக் கழிவு, விமான மைல் என்று பரிசுகளும் சேர்ந்தே வருகின்றன. அன்று கடன் வாங்கியவர் முதலில் கேட்ட கேள்வி ‘வட்டி என்ன?’ இன்று பலர் முதலில் கேட்பது ‘பரிசு என்ன?’ சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

யாருக்குக் கிடைக்கும்?

பேங்க் நெகாராவின் விதிப்படி, கடனட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் பெறும் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20,400 ரிங்கிட்தான் வரும். வீட்டில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் வருமானத்தையும் கணக்கில் காட்டினால்தான் வரம்பை எட்ட முடியும். அதற்கு எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவு, வருமான வரி வாரியத்திடம் தாக்கல் செய்த ‘பாரம் பி’, சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை கைவசம் இருப்பது நல்லது.

ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கும் கடன் வரம்பு மாத வருமானத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது.

தனிநபர் அட்டையா, வணிக அட்டையா?

வணிக அட்டை என்றால் கடனும் வணிகத்தோடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனியுரிமை வணிகத்தில் கடைக் கடனும் உரிமையாளரின் சொந்தக் கடன்தான். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாக இருந்தாலும், வங்கி இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கலாம்.

எந்த அட்டையானாலும், கடைச் செலவுக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. வருமான வரிக்காக வணிக ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே அறிக்கையில் கலந்துவிட்டால் பின்னர் பிரிப்பது பெரும்பாடு.

புள்ளிக் கணக்கும் வட்டிக் கணக்கும்

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு அட்டையில் சரக்கு வாங்குகிறார். அட்டை 1 விழுக்காடு பணக் கழிவு தருகிறது. அவருக்குக் கிடைப்பது 30 ரிங்கிட்.

அதே 3,000 ரிங்கிட்டை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கடனட்டை வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும், மாதத்துக்கு 1.5 விழுக்காடு. வட்டி மட்டும் ஏறக்குறைய 45 ரிங்கிட். பரிசாக வந்தது 30, கையை விட்டுப் போனது 45. தாமதக் கட்டணம் வேறு உண்டு: நிலுவையில் 1 விழுக்காடு அல்லது 10 ரிங்கிட், இதில் எது அதிகமோ அது, உச்சவரம்பு 100 ரிங்கிட்.

தொடர்ந்து 12 மாதங்கள் குறித்த நாளுக்குள் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டியவருக்கு வட்டி 15 விழுக்காடு. 12 மாதங்களில் 10 மாதமாவது தவறாதவருக்கு 17. மற்றவர்களுக்கு 18. ஆனால் 15 விழுக்காட்டிலும் மாத வட்டி 1.25 விழுக்காடு, மேலே சொன்ன கழிவைவிட அது அதிகம்தான்.

குறைந்தபட்சத் தொகை என்பது நிலுவையில் 5 விழுக்காடு. 10,000 ரிங்கிட் நிலுவைக்கு 500 கட்டினால், அதில் 150 வரை வட்டிக்கே போய்விடும்.

உண்மையான பரிசு 50 நாள்

சிறு வணிகருக்குக் கடனட்டை தரும் பெரிய உதவி புள்ளி அல்ல, தவணை. அறிக்கை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ஆம் தேதி வாங்கிய சரக்கு அடுத்த மாத அறிக்கையில்தான் வரும். அதிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத் தவணை உண்டு. ஆக, ஏறக்குறைய 50 நாள் வட்டியின்றிப் பணம் கையில் புரளும். தீபாவளிக்கு முன் சரக்கு எடுப்பவருக்கு இது பெரிய வசதி. விற்ற பணத்திலேயே கடனை அடைத்துவிடலாம்.

ஆனால் முந்தைய அறிக்கையை முழுமையாகக் கட்டியிருந்தால்தான் இந்தச் சலுகை. பாக்கி வைத்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் தவணை இன்றி வட்டி ஓடும். அட்டையைப் போட்டு ரொக்கம் எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டி, கட்டணமும் உண்டு.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

• கழிவுக்கு மாத உச்சவரம்பு உண்டா? 5 விழுக்காடு என்று விளம்பரம் இருக்கும். மாதம் 15 ரிங்கிட்தான் உச்சம் என்றால், 300 ரிங்கிட் செலவோடு அந்தச் சலுகை முடிந்துவிடும்.

• எந்தச் செலவுக்குப் புள்ளி இல்லை? மின்னியல் பணப்பை நிரப்புதல், அரசாங்கக் கட்டணங்கள் போன்றவற்றைப் பல வங்கிகள் விலக்கி வைக்கின்றன.

• சரக்கு தரும் மொத்த வியாபாரி அட்டையை ஏற்பாரா? ஏற்றாலும், வங்கிப் பதிவில் அவர் எந்த வகைக் கடையாக இருக்கிறார் என்பதைப் பொறுத்தே கழிவு. சந்தையில் ரொக்கத்துக்குப் பூவும் காய்கறியும் வாங்குபவருக்குப் ‘பேரங்காடிக் கழிவு’ பயன்படாது.

• 50 ரிங்கிட் பற்றுச்சீட்டுக்கு எத்தனை புள்ளி வேண்டும், புள்ளி எப்போது காலாவதியாகும்? 1 ரிங்கிட்டுக்கு 1 புள்ளி, பற்றுச்சீட்டுக்கு 10,000 புள்ளி என்றால் உண்மைக் கழிவு அரை விழுக்காடுதான்.

• விமான மைல் எந்த நிறுவனத்தில் செல்லும்? 2024 டிசம்பரில் இண்டிகோவின் பினாங்கு–சென்னை நேரடிச் சேவை தொடங்கியது. சேலை எடுக்கச் சென்னை செல்பவர், தாம் பறக்கும் நிறுவனம் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் அட்டையைத் தேய்த்தால் சேரும் கூடுதல் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

• ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? அது இலவசம் என்றாலும், அட்டை ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. துணை அட்டைக்கும் அப்படியே.

கட்ட முடியாமல் போனால்

தாமதமான கட்டணங்கள் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் ஏறும். பின்னர் லோரிக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால் கடன் கொடுத்தவர் திவால் வழக்கே தொடுக்கலாம்.

அந்த நிலைக்குப் போகும் முன் ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனத்தை நாடலாம். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த இந்நிறுவனத்துக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஓர் அட்டைக் கடனை அடைக்க இன்னோர் அட்டையிலோ ஆலோங்கிடமோ போவதைவிட அங்கே போவது மேல்.

அடுப்பு, குளிர்பெட்டி, வண்டி என்று நீண்டநாள் முதலீடு தேவைப்படுவோருக்குக் கடனட்டை ஏற்றதல்ல. தெக்குன் நேஷனலின் இந்தியத் தொழில்முனைவர்களுக்கான ஸ்பூமி போன்ற கடன் திட்டங்களை முதலில் விசாரிக்கலாம்.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியும் என்ற உறுதி இருப்பவருக்குக் கடனட்டை நல்ல துணை. பரிசு அவருக்குக் கூடுதல் லாபம். அந்த உறுதி இல்லாதவர், எவ்வளவு பெரிய பரிசு சொன்னாலும், விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவதே லாபம்.