சஞ்சய் கேம்ப் சிறார் பஞ்சாயத்தும் போதைத் தடுப்பும்

1. களம்

தில்லியின் சாணக்யபுரி 1950களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்று திட்டமிட்டு எழுப்பப்பட்ட பகுதி. தமிழ்நாடு இல்லமும் இங்குதான் இருக்கிறது. இதே எல்லைக்குள் சஞ்சய் கேம்ப், விவேகானந்த கேம்ப் ஆகிய குடிசைப் பகுதிகளும் உள்ளன. தலைநகரிலேயே காவல் மிகுந்த வட்டாரங்களுள் இது ஒன்று. இருந்தும் சிறுவர் கைக்குப் போதைப்பொருள் எட்டிவிடுகிறது. போலீஸ் பெருகினால் போதை ஒழியும் என்று நம்புவோர் முதலில் இந்தக் களத்தைப் பார்க்க வேண்டும்.

2. வயதும் பொருளும்

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏற்கெனவே பழக்கத்துக்கு ஆளான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிறாரை 135 ஊர்களில் விசாரித்தார்கள். புகையிலையைத் தொட்ட சராசரி வயது 12.3, நுகர்ந்து மயங்கும் பொருள்களை 12.4; கஞ்சாவை 13.4, மதுவை 13.6. ஏறத்தாழ ஏழாம், எட்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு மாணவரைக் கூட்டிவைத்து நாம் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் பலருக்குக் காலம் கடந்தே வருகின்றன.

போதைப் பழக்கம் குறித்து 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு இன்னும் கூர்மையான ஒன்றைச் சொல்கிறது. நுகரும் போதை 10 முதல் 17 வயதினரிடம் 1.17 விழுக்காடு, பெரியவர்களிடம் 0.58. சிறாரின் விழுக்காடு பெரியவர்களை மிஞ்சும் ஒரே வகை இதுதான். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், வொயிட்னர் எல்லாமே மலிவு. பையில் வைத்திருந்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. வொயிட்னரையும் தின்னரையும் புட்டியில் சில்லறையாக விற்க 2012இல் மத்திய அரசு தடை விதித்தது. சிறாருக்கு மது, புகையிலை, போதை மருந்து கொடுப்போருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. பஞ்சர் ஒட்டும் பசை அந்தப் பிரிவின் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனவே இந்தப் பொருளைப் பொறுத்தவரை கடைக்காரரும் அவருடைய அக்கம்பக்கத்தாரும்தான் முதல் காவல்.

3. பஞ்சாயத்து

2014இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தியின் அறக்கட்டளை சஞ்சய் கேம்பில் ‘பால் மித்ர மண்டல்’ (சிறார் நேய வட்டாரம்) திட்டத்தை நடத்துகிறது. சிறார் தாங்களே வாக்களித்துத் தங்கள் பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகள், தண்ணீர், கழிப்பிடம், குப்பை, போதை எல்லாம் ஒரே சபையில் பேசப்படுகின்றன. பெண்கள் குழுவும் இளைஞர் குழுவும் துணை நிற்கின்றன.

இந்த முறையின் வலிமை போதையைத் தனி நோயாகப் பிரிக்காததில் இருக்கிறது. பள்ளிக்குப் போகாத பையனுக்குப் பகல் முழுதும் தெருதான்; அவனை வகுப்பறைக்குத் திரும்ப அழைத்து வருவதும் போதைத் தடுப்பே. சத்யார்த்தி தொடங்கிய ‘பச்பன் பசாவோ ஆந்தோலன்’ (குழந்தைப் பருவத்தைக் காக்கும் இயக்கம்) தொடுத்த வழக்கில்தான், சிறாரிடையே போதைப் பழக்கம் குறித்துத் தேசியக் கணக்கெடுப்பும் செயல்திட்டமும் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 14 அன்று ஆணையிட்டது.

4. சுமை யாருடையது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எந்தக் கடையில், எந்த மூலையில் கிடைக்கிறது என்பது சிறாருக்கே முதலில் தெரியும். அதற்காக அவர்களை உளவு சொல்பவர்களாக்கிவிடக் கூடாது. விற்பவன் அதே சந்தில் குடியிருப்பவன். சொன்ன பிள்ளை மறுநாளும் அவன் வாசலைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். சிறார் தங்கள் சபையில் பேசட்டும். புகாரைப் பெரியவர்கள் குழுவாகச் சேர்ந்து, குழுவின் பெயரில் கொடுக்க வேண்டும். எந்தக் காகிதத்திலும் பிள்ளையின் பெயர் வரக் கூடாது.

5. மாலை நேரம்

பிள்ளைகளின் மாலை நேரத்தை நிரப்புவதும் தடுப்புதான். ஐஸ்லாந்தில் 15, 16 வயதினருள் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள் 1998இல் 42 விழுக்காடு, 2016இல் 5. பெற்றோர் ஒன்றுகூடி உறுதிமொழி எடுத்தார்கள்; அரசு பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் ஒதுக்கியது. அந்தச் செல்வம் நம் குடிசைப் பகுதிகளுக்கு இல்லை. ஆனால் சாணக்யபுரியில் நேரு பூங்கா இருக்கிறது. பக்கத்து மோத்தி பாக்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. தில்லித் தமிழர்களே, வாரத்தில் இரண்டு மாலைகளை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளையைக் கண்டால் அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணை அழையுங்கள்.