இடமில்லை: ஒரு வட்டுப் பாகப்பிரிவினையின் வரலாறு

பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து சேர்த்துவைத்த சர்வர் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து சில காலம் பராமரித்தேன். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் அதில் ஓடியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேறு ஆளில்லை, அவ்வளவுதான். வட்டைப் பகுதிகளாகப் பிரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, 'எதுக்குங்க நடுவுல சுவரு?' என்று கேட்டவனும் நான்தான். எல்லைகளைக் கலைப்பது பற்றிப் பத்து வருஷமாகக் கட்டுரை எழுதுகிறவன் வேறென்ன கேட்பான்?

ஒரு ராத்திரி வட்டு நிரம்பிப்போச்சு. ஏதோ ஒரு நிரல் கோளாறாகி, ஒரே பிழைச்செய்தியைப் பதிவுக்கோப்பில் திரும்பத் திரும்ப எழுதித் தள்ளியிருந்தது. அந்தக் கோப்பை அழித்தேன். மீதி இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' கட்டளை அப்போதும் நூறு சதவீதம் நிரம்பியிருப்பதாகவே காட்டியது. பதற்றத்தில் ஸ்கேன் கோப்புகளில் பெரியவையாகப் பார்த்து அழித்தேன். அவற்றில் இரண்டு இதழ்களின் தாள்பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

விஷயம் பிறகுதான் புரிந்தது. யூனிக்ஸில் அழித்தல் என்பது பெயரை நீக்குவது மட்டுமே. ஏதாவதொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை பொருள் இடத்தை விட்டு நகராது. 'டியூ' என்ற கட்டளை பெயர்களைப் பின்தொடர்ந்து போய்க் கூட்டுகிறது. 'டிஎஃப்' வட்டின் கணக்கையே நேராகக் கேட்கிறது. 'டிஎஃப்' சொல்வது மிக அதிகமாக இருந்தால், பெயரிழந்த ஏதோவொன்று உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடும் என்று சந்தேகித்தாக வேண்டும். கோளாறான நிரலை நிறுத்தியிருந்தாலே இடம் திரும்பியிருக்கும். குறிப்பான் போனால் பொருளும் போய்விடும் என்று நம்பியது என் வாசிப்பின் பிழை. விலை கொடுத்தது அந்த இரண்டு இதழ்கள்.

இந்த இரண்டு கட்டளைகளும் 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. இடப்பஞ்சம் யூனிக்ஸுக்குப் பிற்பாடு வந்த நோயல்ல, கூடவே பிறந்தது. நியூ ஜெர்ஸியின் முர்ரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதை உருவாக்கினார்கள். 1974இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தங்கள் பிடிபி-11/45 எந்திரத்தின் சொத்துக் கணக்கைத் தருகிறது: 1 மெகாபைட் நிலைவட்டு ஒன்று, தலா 2.5 மெகாபைட் கொள்ளும் கழற்றி மாட்டும் வட்டுகளுக்கான எந்திரங்கள் நான்கு, 40 மெகாபைட் வட்டுக்கான எந்திரம் ஒன்று. இன்றைய செல்போன் படம் ஒன்றே 2.5 மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது.

அடிப்படைக் கட்டளைகள் 'பின்' என்ற அடைவில் இருந்தன. 'யுஎஸ்ஆர்' பயனாளர்களின் வீடு. பெயரே 'யூசர்' என்பதன் சுருக்கம்தான். கட்டளைகள் பெருகி இடம் போதாமல் போனபோது அவை பயனாளர்கள் வாழ்ந்த வட்டுக்குள் குடியேறின. 'யுஎஸ்ஆர்' உள்ளே இன்னொரு 'பின்' முளைத்தது. இரண்டாவது வட்டை இணைக்கும் கட்டளை முதல் வட்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் எந்திரம் எழுந்திருக்காது. எனவே எது இன்றியமையாதது, எது அப்படியல்ல என்றொரு தரவரிசை உண்டாயிற்று. காலப்போக்கில் பயனாளர்கள் வேறு அடைவுக்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் பெயர் மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டது.

வட்டுகள் பெரிதாயின, சுவர் இடியவில்லை. மாறாக அதற்கு நியாயங்கள் வந்து சேர்ந்தன. எண்பதுகளில் ஒரே 'யுஎஸ்ஆர்' அடைவைப் பல எந்திரங்கள் வலைப்பின்னல் வழியே பகிர்ந்துகொண்டன. இது உண்மையான பயன். 1994இல் லினக்ஸுக்கான அடைவுத் தரநிலை இந்தப் பிரிவை விதியாகவே எழுதிவைத்தது. பெயருக்குக்கூட 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று பிற்பாடு ஒரு விரிவு புனைந்தார்கள். பற்றாக்குறை வரைந்த கோடு இப்படித்தான் கோட்பாடாகிறது, பிறகு இயற்கையாகிறது. ஃபெடோரா 2012இல் தன் 17ஆம் பதிப்பில் இரண்டு 'பின்'களையும் ஒன்றாக்கியது. டெபியன் 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது. காரணம் மறைந்த பிறகும் கோடு இத்தனை வருஷம் நின்றது.

அப்படியானால் சுவரெல்லாம் பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு இனி வாய் வராது. மாறிக்கொண்டே இருக்கும் பதிவுக்கோப்புகளுக்கென்று 'வார்' என்ற அடைவு உண்டு. அதற்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தால் அந்த நிரல் தன் அறையை மட்டுமே நிரப்பியிருக்கும், இதழ்கள் பக்கம் வந்திருக்காது. பலவீனமானதைப் பாதுகாக்கிற சுவரும் உண்டு என்பதை நம் கோட்பாட்டு உற்சாகத்தில் மறந்துவிடுகிறோம்.

அதேசமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு எழுதி வெளியிட்ட கோப்பமைப்பு வட்டில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கிறது. வழக்கமாகப் பத்து சதவீதம். லினக்ஸின் 'எக்ஸ்ட்' வகைகளில் ஐந்து சதவீதம். மற்றவர்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் 'ரூட்' என்கிற நிர்வாகி மட்டும் அதில் எழுதலாம். நம்மூரில் இடஒதுக்கீடு என்றால் உள்ளே விடப்படாதவர்களுக்கு. இங்கே ஏற்கனவே எல்லா அதிகாரமும் உள்ளவருக்கு. வட்டு முழுதாக நிரம்பினால் வேகம் குறையும், பழுது பார்க்கவும் முடியாது என்று சொல்லப்படும் காரணங்கள் சரியானவையே. ஆனால் எது குப்பை என்று முடிவுசெய்கிற கையும் அதே ரூட்டின் கைதான். அந்த ராத்திரி அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எந்த எல்லையைப் பார்த்தாலும் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். எந்த நெருக்கடியில் இது வரையப்பட்டது? அந்த நெருக்கடி இன்னும் இருக்கிறதா? இதை எடுத்துவிட்டால் முதலில் அழியப்போவது யாருடைய கோப்பு?

எங்கள் சர்வரில் இப்போது 'வார்' தனிப் பகுதி. இதழ்களுக்கு வேறு ஊரில் இன்னொரு பிரதி. இரண்டு பேர் பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. அந்த இரண்டு இதழ்களையும் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.