சிறுதொழில் இணையதளங்களின் நம்பகத்தன்மை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்

இணையதள நம்பகத்தன்மை என்பது, தளத்தில் சொல்லியிருப்பது மெய், அதை நடத்தும் நிறுவனம் சொன்னதைச் செய்யும் என்று பார்ப்பவர் மனத்தில் உண்டாகும் உறுதி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ள சிறு தொழிற்கூடங்களைப் பொறுத்தவரை, அழகைவிட, வெளியே சரிபார்க்க முடிகிற விவரங்களே இந்த உறுதியைத் தருகின்றன.

பின்னணி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010இலும், டைம்லர் 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலைகளின் சப்ளையர்களுக்கு உதிரிபாகமும் டையும் ஃபிக்ஸ்சரும் செய்து கொடுப்பவை சிறு லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்களும். அவற்றின் தளத்துக்கு வருபவர் பெரும்பாலும் வெண்டர் தேடும் பர்ச்சேஸ் அலுவலர். தளத்தைப் பார்த்ததும் அவர் ஆர்டர் கொடுத்துவிடுவதில்லை. விலைப்புள்ளி கேட்கலாமா, நேரில் போய்ப் பார்க்கலாமா என்றே முடிவு செய்கிறார்.

அடையாளம்

ஜி.எஸ்.டி. எண் 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவுகள் 33 என்று தொடங்கும். அடுத்த 10 இடங்கள் பான் எண். ஜி.எஸ்.டி. தளத்தில் இந்த எண்ணை இட்டு, பதிவு நடப்பில் உள்ளதா என்று எவரும் பார்க்கலாம். ஒருவரே நடத்தும் பட்டறையானால் அங்கே சட்டப்பெயராக உரிமையாளர் பெயரும் வணிகப்பெயராகப் பட்டறைப் பெயரும் வரும். பட்டறையின் சொந்த இணையதளத்தில் பட்டறைப் பெயர் மட்டும் இருந்தால் பார்ப்பவர் குழம்புவார். இரண்டையும் போடுவது நல்லது. சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த எண்ணையும் இணையத்தில் சரிபார்க்கலாம்.

பதிவுபெற்ற கம்பெனியானால், பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், தொடர்புக்குரியவர் பெயர் ஆகியவை முகப்புப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் எனச் சிப்காட் (மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனம்) வளாகங்கள் பல இருப்பதால், ‘சிப்காட்’ என்று மட்டும் எழுதினால் முகவரி ஆகாது. வளாகமும் மனை எண்ணும் வேண்டும்.

திறன்

‘அதிநவீன இயந்திரங்கள்’ என்ற வரியால் பர்ச்சேஸ் அலுவலருக்குப் பயனில்லை. பிரஸ் எத்தனை டன், வி.எம்.சி. (செங்குத்து எந்திர மையம்) மேசையின் அளவு என்ன, எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) பிடிக்க முடியும், அளவெடுக்கும் கருவிகள் எவை என்பதே அவருக்கு வேண்டும். இரவல் படங்களைவிட, சொந்த ஷெட்டில் கைப்பேசியில் எடுத்த படம் மேல்.

சான்றிதழ்

ஐ.எஸ்.ஓ. அமைப்பு எந்த நிறுவனத்துக்கும் சான்றிதழ் தருவதில்லை; தணிக்கை செய்து தருபவை வேறு அமைப்புகள். தன் சின்னத்தைச் சான்று பெற்றவர்கள் பயன்படுத்தவும் அது அனுமதிப்பதில்லை. ஆகவே சின்னத்துக்குப் பதில், சான்றிதழ் எண், வழங்கிய அமைப்பு, எந்த வேலைக்கு வழங்கப்பட்டது, எதுவரை செல்லும் என்பவற்றைத் தருவதே முறை. வாகன உதிரிபாகத் துறைக்குரிய ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றுக்கும் இது பொருந்தும்.

தோற்றமும் பாதுகாப்பும்

2002இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 2,684 பேர் பங்கேற்றனர். நம்பகத்தன்மை பற்றிய கருத்துகளில் 46.1 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைக் குறிப்பிட்டன. தோற்றம் முதல் பார்வையில் வேலை செய்கிறது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, மறையாக்கம் (https) இல்லாத தளங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது. ஆனால் மறையாக்கம் காப்பது தகவல் செல்லும் வழியைத்தான். நடத்துபவர் நேர்மைக்கு அது சான்றல்ல. அது தெரிவது நேரில் சரிபார்க்கும்போதுதான்: வெண்டர் ஆடிட்டுக்கு வருபவர் தளத்தின் இயந்திரப் பட்டியலோடு ஷெட்டுக்குள் நுழையலாம். விற்றுவிட்ட இயந்திரம் பட்டியலில் இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்.