லீட்ஸ் நகரத்து வயிற்றுவலிக் கணினி

நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். முதலில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி இப்போது வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிற்கிறது. பசி இல்லை, ஒருமுறை வாந்தி. குடல்வால் அழற்சியென்றால் தாமதிக்கக் கூடாது. உடைந்து சீழ் பரவிவிடும். தானாக அடங்கும் வலியென்றால் வயிற்றைக் கிழித்ததே வீண். ஸ்கேன் வசதி கைக்கெட்டாத 1970களின் தொடக்கத்தில், இந்த முடிவை முதலில் எடுக்க வேண்டியிருந்தவர் பெரும்பாலும் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டி டொம்பால் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் அந்த இடத்துக்குத்தான் கணினியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஓடிய கணக்கு மிகப் பழையது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் இறந்தபின் 1763இல் அச்சேறியது. குடல்வால் அழற்சியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு வலி இடம் மாறியது, பித்தப்பை அழற்சியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு மாறியது என்று பழைய நோயாளிகளை வைத்து எண்ணிக்கொள்வார்கள். புதிதாக வருபவரின் அறிகுறிகளைக் கொடுத்தால், எந்த நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணினி சொல்லும்.

1972இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. 304 நோயாளிகளில் கணினியின் கணிப்பு 91.8 சதவீதம் சரி. அவர்களைப் பார்த்தவர்களில் மூத்த மருத்துவரின் கணிப்பு 79.6 சதவீதம் சரி. இயந்திரம் மருத்துவரை வென்றுவிட்டது என்று இந்த இரண்டு எண்களை மட்டும் பிடித்துக்கொண்டால், லீட்ஸ் கற்றுத்தந்ததில் பாதி கைநழுவிப் போகும்.

மீதிப் பாதி 1974இல் அந்தக் குழுவே எழுதிய அடுத்த அறிக்கையில் இருக்கிறது. அதில் அவர்கள் மருத்துவர்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பே நன்றாக மேம்பட்டிருந்தது. அறுவைக்கு முன்பே குடல்வால் உடைந்துபோனவர்களின் விகிதம் 36 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்புவதும் வெகுவாகக் குறைந்தது. சோதனை முடிந்ததும் இந்த எண்கள் மறுபடி பழைய நிலையை நோக்கி நகர்ந்தன.

காரணத்தைத் தேடினால் கணினியோடு சேர்ந்து வந்த படிவத்தில்தான் போய் நிற்போம். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, இருமினால் கூடுகிறதா, அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் துடிக்கிறாரா? களைத்துப்போன மருத்துவர் விட்டுவிடக்கூடிய கேள்விகளை அந்தக் காகிதம் ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தது. அதோடு, தான் சொன்னது பலித்ததா என்பதும் மருத்துவருக்குப் பிறகு தெரிய வந்தது. அப்படியானால் சோதனை அளந்தது கணினியை மட்டுமல்ல. கவனமாகக் கேட்கும் மருத்துவரையும் சேர்த்துத்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. எண்ணியெடுத்த எண்களுக்குப் பதிலாக மருத்துவர்கள் அனுபவத்தில் மதிப்பிட்ட எண்களைக் கொடுத்தபோது கணினியின் திறன் சரிந்தது. அதே லீட்ஸ் கணக்கை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தபோதும் சொந்த ஊரில் எடுத்த மதிப்பெண் வரவில்லை. ஓர் ஊரின் நோயாளிகளை எண்ணிச் சேர்த்த அறிவு அது. ஊர் மாறும்போது நோயாளிகளும் மாறுகிறார்கள், 'கடுமையான வலி' என்று மருத்துவர் குறிப்பதன் பொருளும் மாறுகிறது.

லீட்ஸ் முறையை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 1986இல் வந்தது: எட்டு மருத்துவமனைகள், 250 மருத்துவர்கள், 16,737 நோயாளிகள். முதல் கணிப்பு சரியாக அமைந்தது 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. குடல்வால் உடைவது பாதியாகக் குறைந்தது. இந்த முறை மதிப்பெண் போடப்பட்டது கணினிக்கல்ல, அது இருக்கும் வார்டுக்கு. இதுவே இந்த வரலாற்றின் பெருமைக்குரிய திருப்பம்.

இன்று அறுவை அறைக்குள் வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் படங்களிலிருந்தும் வீடியோக்களிலிருந்தும் கற்றுக்கொள்கின்றன. மருத்துவ முடிவுகளுக்கு உதவும் இத்தகைய கருவிகளை நோயாளிகளிடம் முதன்முதலாகப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகளுக்காக 2022இல் டிசைட்-ஏஐ என்ற அறிக்கை நெறிமுறை வெளிவந்தது. கருவி எத்தனை சரி சொன்னது என்பதோடு அந்த நெறிமுறை நிற்கவில்லை. பயன்படுத்தியவர் யார், அதன் யோசனையை எப்போது ஏற்றார், எப்போது மறுத்தார், வேலை செய்யும் முறை எப்படி மாறியது, பழக எவ்வளவு காலமானது என்பதையெல்லாம் எழுதச் சொல்கிறது.