கூழும் கள்ளும்

ஆடிக் கூழ் குடிக்கப் போனதைப் பற்றிச் சரித்திரக் கட்டுரையா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அரண்மனைக்கும் கோட்டைக்கும் மட்டும்தான் சரித்திரம் உண்டு என்று யார் சொன்னது? அடுப்பங்கரைப் பானைக்கும் சரித்திரம் உண்டு. அதை எழுதுவாரில்லை, அவ்வளவுதான்.

கெங்குவார்பட்டியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கொடைக்கானல் மலையின் காலடியில் இருக்கிற ஊர் அது. நான் புறப்படுகிற சமயத்தில், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் பேசினான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, அவரவர் காய்ச்சியதைச் சின்னக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தார்களாம். சுவை பார்க்க வந்தவர்கள் கொடுத்த பணமெல்லாம் தர்மத்துக்குப் போயிற்றாம்.

"குடித்தே புண்ணியம் தேடுகிறார்கள், மாமா!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை. 1971-ல் சர்க்கார் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. 1974-ல் மீண்டும் மூடியது. அந்த மூன்று வருஷத்துக்குள் என் தாத்தாவின் கிணற்றுத் தோட்டம் கைமாறிவிட்டது. என் தாயார் கடைசி வரையில் அந்தத் தோட்டத்து வழியாக நடந்ததில்லை.

ஆனாலும் மருமகன் சொன்னது புதுச் சங்கதி அல்ல. பழைய இங்கிலாந்தில் மாதா கோயிலைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டுமானால் ஊரார் பார்லியில் மது காய்ச்சி விற்பார்கள். யாராவது நொடித்துப் போனால், அவனுக்காக மது காய்ச்சி ஊரைக் கூப்பிடுவார்கள்; வந்தவர்கள் குடித்துவிட்டுப் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். நம் புதுக்கோட்டைச் சீமையின் மொய்விருந்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு 1880-ல் வந்த சட்டம் வீட்டில் காய்ச்சுவதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது. 1963-ல்தான் அந்தக் கட்டு நீங்கியது.

நம்மிடம் இதைவிடப் பழைய சாசனம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. வறுமைப்பட்ட பாணன் ஒருவன் காஞ்சிக்குப் போகிறான். வழியில் எந்த ஊரில் யார் என்ன கொடுப்பார்கள் என்று புலவர் சொல்லிக்கொண்டு போகிறார். வலைஞர் குடியிருப்பில் கிடைப்பது வீட்டில் வடித்த மது. அதைச் செய்யும் முறையும் பாட்டிலேயே இருக்கிறது. குற்றாத அரிசியைக் குழையக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். 1889-ல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டதால் இதையெல்லாம் நம்மால் படிக்க முடிகிறது. முளைவிட்ட தானியம் மாவைச் சர்க்கரையாக்கும். புளிக்கும்போது சர்க்கரை மதுவாகும். இன்று உலகமெங்கும் பீர் செய்கிற வழி இதுதான்.

புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவையார் அழுதுகொண்டு நினைவுகூர்வதும் கள்ளைப் பற்றித்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்கிறார். இல்லாதவருக்கு முதல் பங்கு என்பது அந்தக் காலத்துப் பந்தி முறை.

கெங்குவார்பட்டியில் நான் கண்ட பந்தியும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு கூழ்ப்பானை வந்து இறங்கியது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, மறுநாள் நொய் போட்டுக் காய்ச்சி, இன்னொரு ராத்திரி வைத்திருந்து, காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ். எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் ஒன்றாகக் கொட்டுவதற்கு முன்னால், நண்பர் தயவில் நாலைந்து பானைகளில் ருசி பார்த்தேன். ஒன்றில் புளிப்பு தூக்கலாக இருந்தது, ஒன்றில் உப்பு குறைவு, ஒன்று அமிர்தம். அண்டாவில் சேர்ந்த பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அகப்பை பிடித்திருந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தூக்குச்சட்டியோடு வந்த சிறுவனிடம், "ஆத்தா எந்திரிச்சு உக்காந்தாளாடா?" என்று கேட்டு, இன்னும் ஓர் அகப்பை ஊற்றினாள். வரிசையில் வந்த கிழவர் ஒருவருக்கு வெங்காயத்தைத் தானே நசுக்கிப் போட்டாள்.

கூட்டம் குறைந்ததும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, நான் படித்த கதையை நண்பரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அகப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அப்பல்லாம் வீட்டுலயே காச்சுனாகளா தம்பி?"

"ஆமாம், ஆத்தா."

"யாருக்கு ஊத்துனாக?"

"பாடிப் பிழைக்கிற ஏழைகளுக்கு. வீட்டுக்காரர்களும் குடித்தார்கள்."

சற்று யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரு கடையில குடிச்சாரு. ஊத்துறவனுக்கு அவரு யாருன்னு தெரியாது. வீட்டுல புள்ள பசியா கெடக்குன்னும் தெரியாது. காசு இருக்கிற மட்டும் ஊத்தினான்."

நான் பேசாமல் இருந்தேன். எத்தனையோ புத்தகங்கள் புரட்டியும் எனக்குப் பிடிபடாத சரித்திரம் அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது.

1886-ல் வந்த சென்னை அப்காரிச் சட்டம் மது செய்வதையும் மரம் சீவுவதையும் லைசென்ஸுக்குள் அடக்கியது. மது கஜானாவுக்கு வருமானமாக இருந்தது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. பிறகு திறப்பதும் மூடுவதுமாகக் காலம் போயிற்று. 1987-ல் கள் போயிற்று. 2003 முதல் சில்லறைக் கடைகளைச் சர்க்கார் நிறுவனமே நடத்துகிறது. இத்தனை மாறுதலிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அகப்பை வீட்டுக்காரி கையை விட்டுப் போனது போனதுதான்.

பழங்காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் வடித்த கள்ளும் குடியைக் கெடுத்திருக்கும். இல்லாவிட்டால் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்குவானேன்? அதில் பெற்ற தாயின் முகத்தைச் சாட்சிக்கு இழுப்பானேன்?

மருமகனுக்கு இதைச் சொன்னேன். "அங்கே ஊற்றுகிறவர்களுக்குக் குடிக்கிறவர்களைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சிலரைத் தெரியும், மாமா. தள்ளாடினால் தர மாட்டார்கள்" என்றான்.

அந்த மட்டும் சந்தோஷம் என்றேன்.

ஊருக்குப் புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கூழ் கொடுத்தாள். "பஸ்ஸுல குலுங்கும், தம்பி. புளிச்சுப் போறதுக்குள்ள குடிச்சிரு" என்று சொல்லி அனுப்பினாள்.